கை எட்டாத இடம்

அவர் தொலைபேசியில் ஹலோ சொல்ல மாட்டார். எங்கள் துறை அறையில் இருந்த ஒரே தொலைபேசி மணியடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். மறுமுனையில் இருப்பவர் ஹலோ ஹலோ என்று தொண்டை கட்டக் கத்தி, பொறுக்க முடியாமல் தன் பெயரையும் கூப்பிட்ட காரியத்தையும் சொன்ன பிறகுதான் இவர் வாய் திறக்கும். ஒருமுறை கல்லூரி முதல்வரே அப்படிக் கத்திப் பார்த்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா, போனை எடுத்துட்டு பேசாம இருந்தா என்னம்மா அர்த்தம்?"

"நீங்கதானான்னு பாத்துக்கினு இருந்தேன் சார்" என்றார் இவர், கொஞ்சமும் அசராமல்.

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

செல்போன் எங்கள் ஊருக்குள் நுழையாத காலம் அது. காஞ்சிபுரத்துக்கு வெளியே, பொட்டல் வெளியில் புதிதாக முளைத்திருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் இருவரும் கணினி கற்பித்தோம். அவர் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். என் அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். அதனால் எங்களுக்குள் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கடைசிவரை அவர் எனக்கு மேடம்தான், நான் அவருக்கு சார்தான்.

எங்கிருந்தோ அதிர்ஷ்டம் அடித்தது போல எங்கள் துறைக்கு ஒரு வேலை வந்தது. வெகுதூரம் போகிற விண்கலம் ஒன்று, பூமியிலிருந்து ஆள் வந்து பார்க்க முடியாத நிலையில், தன்னைத்தானே எப்படிக் கவனித்துக்கொள்ளும்? கோளாறு வந்தால் தானே கண்டுபிடித்து, தானே சரிசெய்து, வேண்டாதவர் பேச்சைக் கேட்காமல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கான மென்பொருளில் ஒரு சின்னத் துண்டை எழுதிப் பார்ப்பது எங்கள் பங்கு. ஆய்வகத்தில் இரண்டு கணினிகளை வைத்தோம். ஒன்று பூமி, ஒன்று விண்கலம். நடுவில் வேண்டுமென்றே தாமதம் வைத்தோம். பூமியில் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டுக் கீழே போய் டீ குடித்துத் திரும்பினால்தான் விண்கலத்திலிருந்து பதில் வந்திருக்கும். விண்கலத்தை நாங்கள் எல்லோரும் 'பெட்டி' என்போம். அவருக்கு அது பிடிக்காது.

"பெட்டின்னு சொல்லாதீங்க சார். கை எட்டாத எடத்துல தனியா இருக்குது அது."

கை எட்டாத இடம். ஒரு நாளில் இதை எத்தனை முறை சொல்வார் என்று மாணவர்கள் பந்தயம் கட்டுவார்கள்.

அவருடைய கவலைக்கு எல்லையே கிடையாது. நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் விண்கலத்தின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அது என்ன செய்கிறது என்று கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டுக்கு வந்தால் கொதிக்கிற சாம்பார் அண்டாவைக் காட்டி, "இப்ப இந்த சமையல் ஆளு எழுந்து போயிட்டா இது என்னா ஆவும் சார்?" என்பார். கருட சேவை பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் பெருமாளைக் கும்பிட, இவர் பெருமாள் வாகனம் தூக்குகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டார். முன்னால் போகிறவர் குரல் கேட்காவிட்டால் பின்னால் தூக்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? அந்த மனிதர் தோளைத் துடைத்தபடியே, "குரல் கேக்கலன்னா கட்டைய முட்டுக் குடுத்து அப்டியே நின்னுடுவோம்மா. வேற என்னா பண்றது?" என்றார். மறுநாள் அது எங்கள் மென்பொருளுக்குள் வந்துவிட்டது. குழப்பம் என்றால் விண்கலம் எல்லா வேலையையும் நிறுத்தி, சூரியன் பக்கம் திரும்பி, பூமி என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் அதற்கு 'கட்டை குடுக்கறது' என்றே பெயர் நிலைத்தது.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் எழுதிய இன்னொரு விதிதான் எனக்கு நெருடியது.

பூமியிலிருந்து போகும் ஒவ்வொரு கட்டளையோடும் ஒரு அடையாளச் சொல் போகும். அது பொருந்தினால்தான் விண்கலம் கீழ்ப்படியும். மூன்று முறை தப்பாக வந்தால் காதை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு சரியான சொல்லே வந்தாலும் கேட்காது. வேறொரு நிலையத்தில் இருக்கும் வேறொருவர் தன்னுடைய சொல்லையும் சேர்த்து அனுப்பினால்தான் மறுபடி திறக்கும்.

"மேடம், அவ்வளவு தூரத்துக்கு எவன் போய் அதை ஏமாத்தப் போறான்?" என்றேன்.

"போவ வாணாம் சார். இங்க இருந்துக்கினே நம்ம குரல்ல பேசினா போதும்."

"சரி, நாமளே பதட்டத்துல தப்பா அனுப்பிட்டா?"

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவனைப் போலப் பார்த்தார். "நாம எப்டி சார் தப்பா சொல்லுவோம்? நாம வச்ச சொல்லு நமக்கு மறக்குமா?"

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அதற்குள் எனக்கு அவர் வீட்டு விஷயம் தெரிந்திருந்தது.

அவருக்கு ஒரு பெண் குழந்தை. பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அப்போது நான்காம் வகுப்பு. கணவரை விட்டு வந்து தனியாக இருந்தார். அப்பா அம்மா இல்லை. அண்ணனோ கணவரின் பக்கம் சாய்ந்துவிட்டார். பாப்பா சின்ன வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் பள்ளிக்கு ஒரு தொலைபேசி. பாப்பாவின் அம்மா பேசுவதாக ஒரு பெண் குரல், அழுதுகொண்டே. பஸ்ஸில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், குழந்தையின் அப்பா வருகிறார், அனுப்பிவையுங்கள் என்றது. அனுப்பிவைத்தார்கள். குழந்தையை எங்கே கொண்டுபோனார்கள் என்று கண்டுபிடித்து, போலீஸ், பஞ்சாயத்து என்று அலைந்து திருப்பிக் கொண்டுவருவதற்குள் அவருக்கு முன்தலை நரைத்துவிட்டது. அதை என்னிடம் சொல்லும்போது பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்குக் கோபமே இல்லை.

"டீச்சர் மேல தப்பு இல்ல சார். பதட்டமா சொன்னா யாரா இருந்தாலும் நம்பிடுவாங்க."

அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கதவுக்கு ஒரு விதிமுறை வந்தது. தினமும் காலையில் அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு சேலையைக் கற்பனை செய்வார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மாலையில் கதவைத் தட்டினால் பாப்பா உள்ளேயிருந்து உடல் நிறத்தைச் சொல்லுவாள். வெளியே இருப்பவர் கரை நிறத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தாழ்ப்பாள் நகரும். அம்மாவின் குரலாகவே இருந்தாலும் நிறம் வராமல் திறக்கக் கூடாது.

காஞ்சிபுரத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மாம்பழ நிற உடல் என்றால் அரக்குக் கரை என்று தெருவில் போகிற ஆடு கூடச் சொல்லிவிடும். அதனால் எந்தத் தறியிலும் ஏறாத சேலைகளாகப் பார்த்து இருவரும் தேர்ந்தெடுப்பார்கள். கிளிப்பச்சை உடலுக்கு மருந்து பாட்டில் நிறக் கரை. வாடாமல்லி உடலுக்குச் செங்கல் கரை. எதிர் வீட்டில் தறி போட்டிருந்த அக்காவுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தெரியும். "இந்தச் சேலைய நெய்ஞ்சா எவ கட்டுவா?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். அந்த அக்காவுக்கென்று மாறாத ஒரு நிறம் தனியாக இருந்தது. கதவில் மூன்று முறை தப்பு நடந்துவிட்டால் அந்த அக்காவும் வந்து தன் நிறத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை பாப்பா என்ன சத்தம் கேட்டாலும் பதில் பேசக் கூடாது. யாராவது கதவை இடித்தால் பின்பக்கக் கதவு வழியாக வெளியே ஓடிவிட வேண்டும்.

விண்கலத்துக்கு எழுதிய விதியும் வீட்டுக் கதவு விதியும் ஒன்றே என்பதை நான்தான் ஒரு நாள் சொன்னேன். "எது எதப் பாத்து வந்துச்சின்னு எனக்கே தெரியல சார்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பிறகு அந்த மழை வந்தது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். எங்கள் கல்லூரி மட்டும் மழையை மதிக்கவில்லை. பாப்பாவை வீட்டில் விட்டு, எதிர் வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு அவர் வேலைக்கு வந்திருந்தார். மதியத்துக்கு மேல் டவுனிலிருந்து வந்த பஸ் நடத்துநர் இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார்.

"தாமல் ஏரி ஒடஞ்சிடுச்சாம்! பிள்ளையார்பாளையமே காலியாவுது!"

தாமல் ஏரி கடல் போலக் கிடக்கிற ஏரி. அது உடைந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மேடம் தன் தெருவில் யாருக்காவது பேசலாம் என்று தொலைபேசிக்கு ஓடினார். லைன் செத்திருந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் ஜனங்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் தறியின் பாவு உருளையைக் கட்டிக்கொண்டு ஒருவர், கோழிக்கூடையோடு ஒருவர். தண்ணீரைப் பார்த்தீர்களா என்று கேட்டால், பின்னால் வருகிறவர் பார்த்தாராம் என்றார்கள். பின்னால் வந்தவரும் அதையேதான் சொன்னார். மேடம் பின் இருக்கையில் என் தோளை இறுகப் பற்றியிருந்தார்.

அவர் தெருவில் ஆளே இல்லை. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அது மழைத் தண்ணீரா, ஏரித் தண்ணீரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒற்றைச் செருப்புகள் மிதந்தன. ஏதோ ஒரு வீட்டில் கட்டிப்போட்ட ஆடு கத்திக்கொண்டே இருந்தது. எதிர் வீடு திறந்து கிடந்தது. உள்ளே அக்கா இல்லை. இவர் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

"பாப்பா! அம்மாடா! தெற!"

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மாம்பழம்."

"அரக்கு!" என்றார் அவர் யோசிக்காமலே. சொன்ன உடனே தன் வாயைப் பொத்திக்கொண்டார். பட்டுக்காரர் வீட்டுப் பெண்ணின் நாக்கு பழகிய வழியில் போய்விட்டது. "இல்ல பாப்பா, அது இல்ல, இரு. மருந்து பாட்டில் கலர்."

"அது முந்தாநேத்து" என்று உள்ளேயிருந்து வந்தது.

"மேடம், நிதானமா யோசிங்க. இன்னும் ஒண்ணுதான் இருக்கு" என்றேன். அதை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். தெருக்கோடியில் ஏதோ சுவர் இடிந்து தொப்பென்று விழுந்தது. தண்ணீர்தான் வந்துவிட்டது என்று நினைத்தோம். "செங்கல்!" என்று அலறினார் அவர்.

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மழை அவர் தலையில் கொட்டியது. படியில் வைத்த கையைப் பார்த்தார், கைக்குக் கீழே இருந்ததைப் பார்த்தார். அப்புறம் எழுந்து கதவில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினார்.

"சிமெண்ட்டு! பாப்பா, சிமெண்ட்டுக் கலர்! நீதானடா காலையில இந்தப் படியைக் காட்டிச் சொன்னே! சிமெண்ட்டு!"

சரியான பதில். அது சரி என்று உள்ளே இருப்பவளுக்கும் தெரியும். கதவு அசையவில்லை.

நான் தோளைக் கொடுத்து இடிக்கப் போனேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். "இடிக்காதீங்க சார்! இடிச்சா பின்னாடி ஓடிடுவா. பின்னாடி கெணறு, தண்ணி மேல வந்து நிக்கிது, கைப்பிடிச் சுவர் கெடையாது!" அவரே வைத்த விதிதான். கணவரிடமிருந்து காப்பாற்ற வைத்த விதி. "அக்காவத் தேடுங்க சார். அவங்க ஒருத்தர் வந்தாத்தான் தெறப்பா. போங்க!"

ஒரு தாய் படியில், மகள் உள்ளே, நடுவில் ஒரு மரக்கதவு. அந்தக் கதவைவிடத் தூரமான இடத்தை நான் பார்த்ததில்லை.

ரயில் பாதை மேட்டில் ஊரே நனைந்துகொண்டு நின்றது. நெரிசலில் விழுந்து முழங்கையும் மூக்கும் உடைந்தவர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவைக் கண்டுபிடித்தபோது அவரே அழுதுகொண்டிருந்தார்.

"கூப்ட்டேன்பா! கதவத் தட்டித் தட்டிக் கூப்ட்டேன். அவங்கம்மா இல்லாம நான் மட்டும் சொன்னா தெறக்க மாட்டாளாம். ஏரி ஒடஞ்சிடுச்சிடின்னேன். 'நீங்க பாத்தீங்களா'ன்னு கேக்குறா!"

நாங்கள் திரும்பும் வழியில் தாமல் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, ஏரிக்கரை உடையவில்லை, குத்துக்கல் மாதிரி அப்படியே இருக்கிறது, எவனோ கிளப்பிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே போனார். அவரோடு சேர்ந்து எங்களால் சிரிக்க முடியவில்லை.

அக்கா கதவருகே நின்று மூச்சு வாங்க, "பாக்கு நெறம்" என்றார். அவர், "சிமெண்ட்டு" என்றார். முதல் தாழ்ப்பாள் நகர்ந்தது, பிறகு இரண்டாவது.

பாப்பா புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றாள். கீழே இருந்த சாமான்களையெல்லாம் தன் உயரத்துக்கு எட்டிய வரை மேலே ஏற்றி வைத்திருந்தாள். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. அழவில்லை.

"நான்தான்னு தெரியலியாடா?" என்றார் அம்மா.

"தெரியும்மா. நீ கத்துனப்பவே நீதான்னு தெரியும்." குழந்தை அம்மாவின் முகத்தைப் பயத்தோடு பார்த்தது. "மூணு தப்பாயிடுச்சே."

அவர் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ளத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாதவர் போலக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். அக்காதான் பாப்பாவை இழுத்து முந்தானையால் தலை துவட்டினார்.

வதந்தி பொய் என்று தெரிந்ததும் தெரு முழுக்கப் பாப்பாவைத்தான் புகழ்ந்தது. ஓடியவர்கள் கை காலை உடைத்துக்கொண்டார்கள். ஓடாத குழந்தை பத்திரமாக இருந்தது. அந்தப் புகழ்ச்சியைக் கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. "நெசமா ஒடஞ்சிருந்தா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த வாரம் ஆய்வகத்தில் அந்த விதியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மாற்ற ஆரம்பித்தார். விண்கலம் காதை மூடிக்கொள்ளலாம், ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத் தானே திறந்து பார்க்க வேண்டும். தன்னுடைய வெப்பம், தன்னுடைய மின்சாரம், தான் கண்ணால் காண்பது எல்லாவற்றையும் சேர்த்து எடை போட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தனக்கே தெரிந்தால் எந்த விதியையும் மீறலாம். கடைசி முடிவு அதனுடையது. வேலையைப் பார்வையிட வந்த பெரியவர்களில் ஒருவர், பூட்டைப் பலவீனமாக்கிவிட்டீர்களே என்று குறைப்பட்டார்.

"நாம தப்பா சொல்லுவோம் சார்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

அதனால் அவர் நிம்மதியானார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கவலை இரண்டு மடங்கானது. விதி இருந்தபோது விண்கலம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். இப்போது அது என்ன முடிவெடுக்குமோ என்று ஒவ்வொரு சோதனைக்கும் நகத்தைக் கடித்தார். டீக்கும் கீழே இறங்கி வருவதில்லை.

எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் ஒரு சனிக்கிழமை பகலில், பாப்பாவிடம் சொல்லிக்கொள்ள அவரோடு வீட்டுக்குப் போனேன். கதவில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தது. அது பெரியவர்கள் பார்க்கிற உயரத்தில் இல்லை. என் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. உள்பக்கம் அதற்கு ஒரு தகர மூடி.

அவர் தட்டினார். மூடி விலகியது. ஒரு கண் தெரிந்தது. நிறம் எதுவும் கேட்கவில்லை.

"பக்கத்துல யாரும்மா?"

"சாருடா. அன்னிக்கி மழையில வந்தாரே."

கண் என்னை மேலும் கீழுமாக அளந்தது. "நீயா கூட்டிக்கினு வந்தியா, அவரா வந்தாரா?"

"நானாத்தான்."

"இரு. யோசிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பூமியிலிருந்து கட்டளையை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது ஆய்வகத்தில் இருக்கும் அதே முகம்.

"ஏதாவது சொல்லுங்க மேடம்" என்றேன் மெதுவாக.

"சொல்லக் கூடாது சார்" என்றார், அதைவிட மெதுவாக. "அவதான் முடிவு பண்ணணும்."

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து தீர்ப்பு வந்தது. "அவர அந்த வேப்பமரத்தாண்ட போயி நிக்கச் சொல்லும்மா. மொதல்ல நீ மட்டும் வா."

நான் மரத்தடிக்குப் போனேன். தாழ்ப்பாள் நகர்ந்தது. அவர் உள்ளே போனார், கதவு மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே அம்மாவும் மகளும் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. என்னை விடலாமா கூடாதா என்றுதான் பேசியிருப்பார்கள். அன்று மழையில் அந்தக் கதவு திறக்காதபோது எனக்கு உயிரே போயிற்று. இன்று அது திறக்காமல் இருந்தது நிம்மதியாக இருந்தது. வெயிலில் நின்றுகொண்டு, அவள் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.